வைத்தியராகிய தாய்

பகலிலே ஒரு வார்த்தையும் இரவிலே ஒரு வழக்கமுமாக வாழ்வோரை உலகம் எளிதில் மன்னிப்பதில்லை. ஆயினும், ஐக்கிய அமெரிக்காவிலே வைத்தியராகவும் தாயாகவும் இருக்கும் பெண் அத்தகைய நிலைக்கு ஆளாகும்போது அவளைப் பழிக்க நமக்கு மனம் வரவில்லை.

அந்நாட்டுக் குழந்தை வைத்தியர் கழகம் 2022ஆம் ஆண்டு யூன் மாதத்தில் இரண்டு அறிக்கைகளை வெளியிட்டது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மாத்திரமே ஊட்டுக, தாயும் சேயும் விரும்பின் ஈராண்டும் அதற்கு மேலும் ஊட்டுக என்பது ஒன்று. குழந்தை தாயின் அறையிலே, ஆனால் தனிப்படுக்கையிலே, மல்லாந்து உறங்கவேண்டும். ஒரே படுக்கையிற் கிடத்துதல் ஆகாது என்பது மற்றொன்று. இந்த இரண்டாவது கட்டளை வெறும் பிடிவாதத்தாற் பிறந்ததன்று. உறக்கத்தின்போது நேரும் மரணங்களால் அங்கு ஆண்டுதோறும் ஏறக்குறைய 3,500 சிசுக்கள் மாள்கின்றன. அத்தொகையை அறிந்த வைத்தியர் எவரும் அசட்டையாய் இருத்தல் இயலாது.

ஆனால் ஊட்டுதலையும் உறங்குதலையும் இரு வேறு காரியங்களாகப் பிரிக்க முடியுமா? மானிடவியல் அறிஞர் ஜேம்ஸ் மக்கென்னா 1990களில் தாய்மாரையும் சேய்களையும் ஆய்வுகூடத்திலே உறங்கச் செய்து ஆராய்ந்தார். தாயோடு ஒரே படுக்கையிற் கிடக்கும் சேய் இரவில் அடிக்கடி பாலருந்துவதைக் கண்டார். பாலூட்டும் தாய் சேயை நோக்கி ஒருக்களித்து, முழங்காலை மடக்கி, தன் உடலையே அதற்கு அரணாக்கிக் கொள்வதும் இத்தகைய ஆய்வுகளிற் புலனாயிற்று. இவ்விரண்டையும் சேர்த்துக் குறிக்க அவரும் அவர் மாணாக்கரும் 2015இல் ஒரு புதுச்சொல்லையே ஆக்கினர். தமிழில் அதனைப் பாலுறக்கம் எனலாம் போலும்.

இனி, வைத்தியத் தாயின் இரவைப் பார்ப்போம். 1993ஆம் ஆண்டுச் சட்டம் அந்நாட்டிலே தகுதியுடையோர்க்கு உறுதி செய்வது 12 வாரச் சம்பளமற்ற விடுமுறையே. பயிற்சி வைத்தியராயின் வாரத்துக்கு 80 மணி நேரம் வரை கடமை. பகலெல்லாம் பிறர் மக்களின் கட்டிலருகே நின்றவளுக்குத் தன் மகவு கைக்கெட்டுவது இரவிலேதான். வைத்தியத் தாய்மார் பெரும்பாலும் எல்லோருமே பாலூட்டத் தொடங்குகின்றனர். அவர்களிற் பலர் வேலைக்குத் திரும்பியபின் தாம் எண்ணிய காலத்துக்கு முன்பே நிறுத்திவிடுகின்றனர் என ஆய்வுகள் கூறுகின்றன.

இவள் கட்டளைக்குப் பணிந்து, படுக்கையை விட்டெழுந்து, மெத்தையிட்ட சாய்வு நாற்காலியில் அமர்ந்து பாலூட்டுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். முப்பது மணி நேரமாக விழித்த கண்கள் தாமே மூடுகின்றன. அங்கேதான் பேரபாயம். சோபாவிலும் சாய்வு நாற்காலியிலும் குழந்தையோடு உறங்கிப்போவது படுக்கையில் உறங்குவதிலும் பன்மடங்கு கொடியது என்று அதே கழகமே எழுதியிருக்கிறது! விதியைக் காக்கப் போனவளை விதியே ஆபத்தில் தள்ளுகிறது.

நம் பாட்டிமார் பாயில் அணைத்துக் கிடத்தியதைச் சொல்லிப் பெருமை கொள்வோர் சற்றுப் பொறுக்க. அந்தப் பாய் கடினமானது. இன்று நம் வீடுகளிலும் பாயின் இடத்தைப் பஞ்சணை பிடித்துவிட்டது. புகைத்தல், மது, மயக்கந் தரும் மருந்து, மெத்தென்ற தலையணை, குறைமாதப் பிறப்பு ஆகியன உள்ள இடத்தில் ஒரே படுக்கை எங்கும் தீதே.

இவ்வாறு எங்கே தீது, எங்கே அத்தீது குறைவு என்று பிரித்துரைப்பதே வைத்தியரின் பணி. தாய்ப்பால் வைத்தியத்துக்கென வைத்தியர்களே அமைத்த கழகம் 2020இல் அதைத்தான் செய்தது. பெற்றோர் எல்லோரிடமும் இதைப்பற்றிக் குற்றஞ்சாட்டாது உரையாடுக என்றது. இங்கிலாந்திலும் 2021ஆம் ஆண்டு நெறிமுறை, பாதுகாப்பாய் உடனுறங்கும் முறைகளைப் பெற்றோருடன் பேசுமாறு தாதியர்க்குப் பணிக்கிறது.

தாமே நெடுநாள் பாலூட்டிய வைத்தியர் அதனைத் தம்மிடம் வருவோர்க்கும் ஊக்கத்தோடு எடுத்துரைப்பதுண்டு. படுக்கையின் செய்தி மட்டும் ஏன் அவர்கள் தொண்டையிலே நிற்கவேண்டும்? வைத்தியர் மறைத்தால் தாயும் மறைப்பாள். "நேற்றிரவு குழந்தை எங்கே உறங்கியது?" என்ற கேள்விக்கு, "தொட்டிலிலே" என்ற பொய் விடையே வரும், சோபாவைப்பற்றி எச்சரிக்க வேண்டிய அந்த ஒரு நிமிடமும் அதனோடு போய்விடும்.