தட்டில் ஏறாத பறை
1970, 71-இல் ஒரு சிகரெட் கம்பெனி நடத்திய சிம்லா பீட் போட்டியில் வாசித்த ராக் குழுக்களை, பழைய இசைத்தட்டு சேகரிப்பவர்கள் இன்று தேடிப்பிடித்துக் கேட்கிறார்கள். நல்லதுதான். ஆனால் தட்டு இருந்தால்தானே தேட முடியும்? பெரம்பலூர், அரியலூர்ச் சேரிகளில் பறையடித்த எங்கள் தாத்தாக்களை எந்தக் கம்பெனி பதிவு செய்தது? சாவுக்கு அடிக்கக் கூப்பிட்ட ஊர், அவர்களைக் கலைஞர்கள் என்று மதித்ததில்லை. அரியலூர் மண்ணில் கிடைத்த கடல் புதைபடிவங்களுக்கு வாரணவாசியில் அருங்காட்சியகம் உண்டு. எங்கள் அடிகளுக்கு எங்கே? 2018-இல் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' சென்னை மேடையில் கிதாரோடு பறையை முழங்கியது. அந்த முழக்கத்துக்கு முன்னோர் இருக்கிறார்கள். மிச்சமிருக்கும் பெரியவர்களின் வாசிப்பை, உரிய சம்பளம் கொடுத்து, பெயரும் ஊரும் குறித்து, இப்போதே பதிவு செய்வோம். நாளை நம் பிள்ளைகள் தேடும்போது கையில் கிடைக்க வேண்டும்.