நீளத் துடுப்பெல்லாம் வேகத் துடுப்பா?

காலில் மாட்டும் நீச்சல் துடுப்பு எவ்வளவு நீளமோ, எவ்வளவு விறைப்போ, அவ்வளவு வேகம் தரும் என்ற கருத்து நீச்சல் குளங்களிலும் ஸ்கூபா கடைகளிலும் கேள்வியின்றி உலவுகிறது. 'ஃபின்' என்றே பலரும் சொல்லும் இந்தக் கருவியைப் பற்றி அடுக்கப்படும் வாதங்கள் பழகியவைதாம்: அகன்று நீண்ட தகடு அதிக நீரைத் தள்ளும், வளையாத தகடு காலின் விசையை வீணாக்காது, துளை, பிளவு, வாய்க்கால் போன்ற புதுமைகள் விற்பனைத் தந்திரம், சாம்பியன்கள் அணிவது நீளமானவற்றையே. முதல் வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. மற்றவை அவ்வளவுகூடத் தேறா.

பரப்பைப் பற்றிய வாதத்தை முதலில் பார்க்கலாம். நீந்துபவர் முன்னே போக வேண்டுமானால் நீர் பின்னே போக வேண்டும். நொடிக்கு 10 கிலோ நீரை 2 மீட்டர் வேகத்தில் பின்னே தள்ளினால் கிடைக்கும் உந்துவிசை 20 நியூட்டன். நொடிக்கு 20 கிலோ நீரை 1 மீட்டர் வேகத்தில் தள்ளினாலும் அதே 20 நியூட்டன்தான். ஆனால் தள்ளப்பட்ட நீரோடு வீணாகப் போகும் ஆற்றல் முதல் கணக்கில் 20 வாட், இரண்டாவதில் 10 வாட். நிறைய நீரை நிதானமாகத் தள்ளுவதே சிக்கனம் என்பது இதன் பொருள். வெறும் பாதம் பிடிப்பது கொஞ்சம் நீர். அதை விரைந்து விரைந்து அடிக்க வேண்டும். ஃபின் மாட்டிய பாதம் அதிக நீரைப் பிடித்து மெதுவாக அனுப்புகிறது.

இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை. பாவ்லா சம்பாரோவும் உடன் பணியாற்றிய ஆய்வாளர்களும் 2002-ல் வெளியிட்ட ஆய்வு, நீர்ப்பரப்பில் ஒரே வேகத்தில் நீந்தும்போது ஃபின் அணிந்தவர் செலவிடும் ஆற்றல் அணியாதபோது ஆவதைவிடச் சுமார் 40 சதவீதம் குறைவு என்று அளந்து காட்டியது. உதையின் வீச்சு ஏறக்குறைய 10 சதவீதமே குறைந்தது. உதைகளின் எண்ணிக்கையோ சுமார் 40 சதவீதம் குறைந்துவிட்டது. ஃபின் பயன் தருகிறது என்பதில் ஐயமே இல்லை.

பிழை அடுத்த தாவலில் இருக்கிறது. கொஞ்சம் பெரிதாக்கினால் நல்லது என்பதால் மேலும் மேலும் பெரிதாக்கிக்கொண்டே போகலாம் என்று ஆகிவிடாது. நீரின் பக்கக் கணக்கைப் போட்டவர்கள் தசையின் பக்கக் கணக்கைப் போட மறந்துவிடுகிறார்கள். தசை மிக வேகமாகச் சுருங்கும்போதும் திறன் குறைகிறது, பாரம் தாங்காமல் திணறி மெதுவாகச் சுருங்கும்போதும் குறைகிறது; இடையில் ஒரு வேகத்தில்தான் நன்றாக உழைக்கிறது. கியர் சைக்கிளில் மேம்பாலம் ஏறியவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கனத்த கியரில் ஒரு மிதிக்கு வண்டி அதிக தூரம் போகும், மிதிக்கத்தான் முடியாது. ஃபின்னிலோ கியரை மாற்ற வழியே இல்லை. வாங்கும் அன்று தேர்ந்தெடுத்த கியரோடுதான் ஒரு மணி நேரமும் நீந்தியாக வேண்டும்.

நீளம் இதை இன்னும் மோசமாக்குகிறது. கணுக்காலிலிருந்து 30 செ.மீ. தள்ளி விழும் விசை 60 செ.மீ. தள்ளி விழுந்தால் கணுக்கால் தாங்க வேண்டிய முறுக்கு இரண்டு மடங்கு. பாதத்தை நீட்டிய நிலையிலேயே வைத்திருக்கும் வேலை கெண்டைத்தசையுடையது. பழகாதவர் விறைப்பான நீள ஃபின்னோடு கொஞ்ச தூரம் போனதுமே கெண்டைக்காலில் குரக்களி இழுத்து, நடுக்கடலில் பாதத்தைப் பிடித்துக்கொண்டு மிதப்பது இதனால்தான்.

இந்தப் பாடத்தைப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே ஒரு சிறுவன் கற்றுக்கொண்டான். பாஸ்டனில் வளர்ந்த பெஞ்சமின் பிராங்க்ளின் சுமார் 10 அங்குல நீளமும் 6 அங்குல அகலமும் கொண்ட மரப் பலகைகளைக் கட்டைவிரலுக்குத் துளையிட்டுக் கைகளில் பிடித்து நீந்திப் பார்த்தார். வேகம் கூடியது, மணிக்கட்டு களைத்தது. இரண்டையும் பிற்காலக் கடிதம் ஒன்றில் அவர் பதிவு செய்திருக்கிறார். உள்ளங்காலில் கட்டிய தட்டுகள் அவருக்குத் திருப்தி தரவில்லை. நீந்தும்போது உள்ளங்கால் மட்டுமின்றிப் பாதத்தின் உட்பக்கமும் கணுக்காலும் நீரைத் தள்ளுவதை அவர் கவனித்திருந்தார்.

விறைப்பைப் பற்றிய இரண்டாம் வாதம், கேட்கும்போது நியாயமாகப் படும். வளையும் கரண்டியால் மண் அள்ள முடியாது, வளையும் தகட்டால் நீரைத் தள்ள முடியுமா? உவமையில்தான் கோளாறு. கரண்டி போக வேண்டிய திசையில்தான் கையும் போகிறது. நீந்துபவரின் கால் போவதோ மேலும் கீழும்; உடல் போக வேண்டியது முன்னே. கொஞ்சமும் வளையாத பலகையைக் காலில் கட்டி உதைத்தால் நீர் பெரும்பாலும் கீழேயும் மேலேயும் தள்ளப்படும். உடல் குலுங்கும், அதிகம் நகராது. செங்குத்தான அசைவைக் கிடைமட்ட உந்துதலாக மாற்றுவதே தகடு வளைவதுதான்.

ஓர் உதையை மட்டும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் இது விளங்கும். தொடை கீழிறங்கத் தொடங்குகிறது. முழங்கால் சற்று மடங்கியிருக்கிறது. பாதத்தை மூடும் கூடு கீழே வந்துவிட்டது, தகட்டின் நுனியோ இன்னும் மேலேயே தயங்குகிறது. தகடு வில்லாக வளைந்து, அதன் அடிமுகம் பின்னோக்கிச் சாய்கிறது. அந்தச் சாய்ந்த முகம்தான் நீரைப் பின்னுக்குத் தள்ளுகிறது. உதை முடியும் தறுவாயில் நுனி சவுக்குப்போல் சுண்டி நேராகி, வளைந்தபோது சேர்த்துவைத்த ஆற்றலில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கிறது. மீனின் வாலும் இப்படித்தான். மிகவும் துவண்ட தகடும் உதவாது; அது நீரைப் பிடிக்காமல் நழுவவிட்டுவிடும். வேண்டியது பாதத்தருகே உறுதி, நுனியை நோக்கிப் போகப் போக இளக்கம். கண்ணாடியிழைத் தகட்டில் நுனியை நோக்கி அடுக்குகளை ஒவ்வொன்றாகக் குறைத்து இதைச் சாதிக்கிறார்கள். வளைவுக்கான எதிர்ப்பு தடிமனின் மும்மடிக்கு ஏற்ப மாறும். தடிமன் பாதியானால் எதிர்ப்பு எட்டில் ஒரு பங்கு. ஒரு மில்லிமீட்டரில் ஒரு பின்னத்தைச் செதுக்கினாலே ஃபின்னின் குணம் மாறிப்போவது இதனால்.

'நீளமும் வேண்டும், விறைப்பும் வேண்டும்' என்ற கோரிக்கை தனக்குத்தானே முரண்படுவதும் இங்கே தெரிகிறது. தகட்டின் நீளம் இரட்டித்தால் நுனியின் விறைப்பு எட்டில் ஒன்றாகிவிடும். பழைய விறைப்பை மீட்கத் தடிமனையும் இரட்டிக்க வேண்டும். அப்போது எடை நான்கு மடங்கு. அந்த எடையை ஒவ்வோர் உதைக்கும் ஆட்டி நிறுத்தித் திரும்ப ஆட்டும் கூலியையும் அதே கால்கள்தாம் கொடுக்க வேண்டும். கார்பன் இழைத் தகடுகளின் மதிப்பும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. கார்பன் என்றால் விறைப்பு என்று எண்ணிப் பணத்தைக் கொட்டுபவர்கள் உண்டு. அதன் சிறப்பு குறைந்த எடையும், வளைந்தபோது சேர்ந்த ஆற்றலைப் பிளாஸ்டிக்கைவிடக் குறைந்த இழப்போடு திருப்பித் தருவதும்தான். மென்மை, நடுத்தரம், விறைப்பு என்று பல தரங்களில் அது விற்கப்படுகிறது. பாறையில் மோதினால் விரிசல் விடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

புதுமைகளெல்லாம் வெறும் விளம்பரம் என்ற மூன்றாம் வாதம் ஃபின்னின் வரலாற்றோடு ஒத்துப்போகவில்லை. பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி லூயி த கோர்லியூ 1933-ல் காப்புரிமை பெற்ற ரப்பர் ஃபின்தான் இன்றைய வகைகளுக்கு மூதாதை. தஹிட்டியில் ஃபின்களைக் கண்ட அமெரிக்கர் ஓவன் சர்ச்சில், 1932 ஒலிம்பிக்கில் பாய்மரப் படகுப் போட்டியில் தங்கம் வென்றவர், கோர்லியூவிடம் உரிமம் பெற்று 1940-ல் தயாரிப்பைத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போரில் 'தவளை மனிதர்கள்' எனப்பட்ட முக்குளிப்பு வீரர்கள் அணிந்து பழகியதும் அந்த வகைதான். அதன்பின் வந்த நல்ல மாற்றங்கள் பலவும் தகட்டை நீட்டியதால் வந்தவை அல்ல. போரில் இத்தாலியத் தவளை வீரராக இருந்த லூயிஜி ஃபெரரோ, கிரெஸ்ஸி நிறுவனத்துக்காக 1950-களில் 'ரோன்டினே' என்ற ஃபின்னை வடிவமைத்தார். தகைவிலான் குருவியின் பெயர் அது. குதிகால் வரை பாதம் முழுவதையும் மூடும் கூடும், பாதத்துக்கு நேராக நீளாமல் சற்றே கீழ்நோக்கிச் சாய்ந்த தகடும் அதன் புதுமை. எவ்வளவு நீட்டினாலும் பாதம் கீழ்க்காலோடு முழுமையாக நேர்கோட்டில் வராது. அந்தக் குறையைச் சாய்வு ஈடுசெய்கிறது. ஒரு செ.மீ.கூட நீட்டாமல் கிடைத்த ஆதாயம்.

1964-ல் மார்சேய் நகரின் ஜோர்ஜ் பூஷா கொண்டுவந்த 'ஜெட்ஃபின்' தகட்டின் அடியில் துளைகள் இட்டது. துளைவழியே நீர் பீறிட்டு உந்துகிறது என்ற கதை பெயருக்குப் பொருத்தமாக இருக்கிறதே தவிர, அதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. பாதத்தருகே தகடு அசைவதே குறைவு, அங்கே கிடைக்கும் உந்துதலும் குறைவு. அந்த இடத்தில் நீருக்கு வழிவிட்டால் இழப்பு சொற்பம், கணுக்காலின் பாரமோ இறங்குகிறது. அவ்வளவுதான், அதுவே போதும். பீட் மெக்கார்த்தி காப்புரிமை பெற்று 1990-களின் இறுதியில் பல நிறுவனங்கள் வழியே பரவிய பிளவுத் தகடும் அப்படியே: இரு பாதிகளும் சற்றே முறுக்கிக்கொண்டு, சிறுசிறு உதைகளுக்கு இலகுவாக இடம்கொடுக்கின்றன. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அது வரம். பின்னோக்கி நகரவும் நின்ற இடத்தில் திரும்பவும் வேண்டியவர்களுக்குத் தொல்லை. கலிபோர்னியாவின் பாப் எவன்ஸ் பாலியூரிதேனில் வார்த்த 'ஃபோர்ஸ் ஃபின்' குட்டையானது, மேல்நோக்கி வளைந்தது, நுனியில் கவைபோலப் பிரிந்தது. நீளவாதிகளிடம் அதற்குப் பதில் இல்லை. விளம்பரங்கள் மிகைப்படுத்துகின்றன என்பது மெய். மிகைப்படுத்தப்பட்ட பொருள் எல்லாம் போலி என்பது பொய்.

எஞ்சியிருப்பது சாம்பியன்களின் சாட்சியம். அலெக்ஸி மல்ச்சானோவ் 2016-ல் மூச்சடக்கி 129 மீட்டர் ஆழம் தொட்டது மோனோஃபின் என்ற ஒற்றை அகலத் தகட்டோடுதான். அதே ஆண்டு எந்த ஃபின்னும் அணியாமல் வில்லியம் டிரூப்ரிட்ஜ் தொட்ட ஆழம் 102 மீட்டர். வேறுபாடு பெரிதுதான். ஆனால் மோனோஃபினை இயக்குவது கெண்டைக்கால் இல்லை. முதுகு, வயிறு, இடுப்பு, தொடை எல்லாம் சேர்ந்த அலை. பெரிய தகட்டுக்குப் பெரிய எஞ்சின். அதோடு, குறிப்பிட்ட ஆழத்துக்குக் கீழே நுரையீரல் சுருங்கி உடல் தானாகவே அமிழும். அங்கே இறங்கும்போது சாம்பியன் உதைப்பதே இல்லை. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்களும் இறங்குவதற்கு உதைக்கவில்லை; கயிற்றில் கட்டிய கல்லில் கால்வைத்து இறங்கினார்கள். இறங்கும் வேலையைக் கல் பார்த்துக்கொண்டது.

வேகமே உயிரான வேறு சாம்பியன்களும் இருக்கிறார்கள். நீச்சல் பந்தய வீரர்கள் பயிற்சியில் அணிவது பெரும்பாலும் குட்டை ஃபின். நீளமானதை மாட்டினால் உதையின் தாளம் சரிந்துவிடும். பந்தயத்தில் ஃபின்னுக்கு அனுமதி இல்லாததால், வெறுங்காலுக்குரிய தாளத்தைத்தான் அவர்கள் பழகியாக வேண்டும். அலைப்பலகையில் படுத்து அலை ஏறுபவர்களுக்கும் குட்டைதான். நான்கைந்து உதைகளில் அலையைப் பிடித்தால் போதும், மணலில் நடக்கவும் வேண்டும்.

நீருக்கடியில் குகைகளுக்குள் செல்பவர்களின் தேர்வு இன்னும் தெளிவானது. தரையில் படிந்திருக்கும் நுண்வண்டலை ஒரு கவனமற்ற உதை கிளப்பிவிட்டால் கை நீட்டினால் விரல் தெரியாது. திரும்பும் வழி மறையும். அவர்கள் முழங்காலை மடித்து, தவளைபோல் பக்கவாட்டில் உதைக்கிறார்கள். அதற்கு விறைப்பு வேண்டும், ஆனால் நீளம் கூடாது. அவர்களில் பலர் மாட்டிக்கொள்வது 1964-ல் வந்த அந்த ஜெட்ஃபின் வகையைத்தான். கனமான, குட்டையான, அகன்ற அந்தக் கருப்பு ரப்பர் ஃபின் அறுபது ஆண்டுகள் கடந்தும் விற்பனையில் இருக்கிறது.