அறுபது விளக்கும் ஒரு பொத்தானும்

போன சனிக்கிழமை பிற்பகல் அடுப்பில் வடாம் மாவு கிளறிக் கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து, "ஐயோ, போச்சு!" என்று ஓர் அலறல். கரண்டியைப் போட்டது போட்டபடி ஓடினேன். என் பெண் கம்ப்யூட்டரின் முன் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். நல்ல வேளை, அவளுக்கு ஒன்றும் இல்லை. போனவை தெரு விளக்குகள்!

காலேஜில் படிக்கும் இந்தப் பெண் சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுத் தயாரிக்கிறாள். திங்கட்கிழமை வகுப்பில் காட்டியாக வேண்டும். அதற்கு 'கோடோ' என்று ஒரு சாதனம். (இந்தப் பெயரை ஆளுக்கு ஒரு விதமாக உச்சரிக்கிறார்கள், எனக்கு வாயில் வந்தது இது.) அர்ஜெண்டினாவில் இரண்டு பேர் செய்தார்களாம், 2014-ல் உலகத்துக்கே இலவசமாகத் திறந்து விட்டார்கள். அதில் அவள் ஓர் இரவு நேரத்து வீதியை அமைத்து, இரு பக்கமும் அறுபது விளக்குகளை முதல் நாள் ராத்திரி வரை ஒவ்வொன்றாக நகர்த்தி வைத்திருந்தாள். அன்று காலை மதில், கிணறு, ஒரு வாசல் கேட். பிறகு, விளக்குகளை நூல் பிடித்தாற்போல் நிறுத்தத் தானே ஒரு சின்னப் புரோகிராம் எழுதி, அதற்கு ஒரு பொத்தானும் வைத்து அழுத்தினாள். எங்கோ கணக்குப் பிசகு. அறுபது விளக்கும் ஒரே மூலையில் குவிந்து கொண்டன!

"கண்ட்ரோல்-இஸட் அமுக்கினால் பழையபடி வந்து விடுமே?" என்றேன். நானும் கடிதம் டைப் அடிக்கிறவள்தானே!

"அமுக்கினேன் அம்மா, பத்துப் பன்னிரண்டு தடவை! விளக்கு அசையவில்லை. கேட் போச்சு, கிணறு போச்சு, மதிலும் போச்சு!"

இது என்ன கூத்து என்று எனக்குப் புரியவில்லை. அவளே விளக்கினாள்.

"ஸ்வெட்டரில் தப்பு விழுந்தால் நீ என்ன செய்வாய்?"

"கடைசி வரிசையிலிருந்து பிரித்துக் கொண்டே வருவேன்."

"இங்கேயும் கடைசியில் செய்ததுதான் முதலில் பிரியும். ஆனால் நூல் தானாகப் பிரிகிற மாதிரி இது பிரியாது. உள்ளே ஒரு நோட்டு இருக்கிறது. ஒவ்வொரு காரியத்துக்கும் 'இப்படிச் செய், இப்படி மாற்று' என்று இரண்டு குறிப்பு அதில் விழ வேண்டும். நாம் கையால் நகர்த்தினால் கோடோவே எழுதிக் கொள்ளும். என் பொத்தான் எழுதவில்லை. அதனால் நோட்டில் கடைசியாக இருந்த கேட்டைப் பிரித்து விட்டது."

"விளக்கு வைத்ததையும் எழுதியிருக்குமே?"

"ராத்திரி மூடி விட்டேனே. மூடினால் நோட்டும் காலி."

இதற்குள் என் பிள்ளை, "நான் பார்க்கிறேன்" என்று மௌஸின் மேல் கை வைத்தான். "தொடாதேடா!" என்று அவள் போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டு மாமி எட்டிப் பார்த்தாள்.

சத்தத்துக்குக் காரணம் இருந்தது. பின்னால் போனபடி அப்படியே முன்னால் வரவும் வழி உண்டு. ஆனால் நடுவில் ஒரே ஒரு புதுக் காரியம் செய்தால் போதும், முன்னால் இருந்த பக்கங்களைக் கிழித்துப் போட்டு விடும். ஒரு மரத்தை அரை அங்குலம் நகர்த்தியிருந்தால் மதிலும் கிணறும் கேட்டும் போனது போனதுதான். வேறு எதையும் தொடாமல், கண்ட்ரோலோடு ஷிப்டையும் சேர்த்து இஸட்டை ஒவ்வொன்றாக அமுக்கினாள். மதில் வந்தது, கிணறு வந்தது, கேட்டும் வந்தது. விளக்குகள் மட்டும் மூலையிலேயே.

"நேற்று ராத்திரி ஸேவ் செய்தது இருக்கிறதோ?" என்று கேட்டேன்.

அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். குளறுபடியான காட்சியை வேறு பெயரில் ஸேவ் செய்தாள். நேற்றையதைத் திறந்து, அறுபது விளக்கையும் அள்ளி எடுத்து வந்து இதில் வைத்தாள். குவிந்து கிடந்தவற்றை அழித்தாள்.

அழித்தது எங்கே போகும் என்று விசாரித்தேன். குப்பைக்கு இல்லையாம், நோட்டில் அந்த வரி இருக்கும் வரை, நாம் பரணில் போட்டு வைக்கிற மாதிரி ஒரு பக்கம் வைத்திருக்குமாம். ஆனால் ஃபைலையே அழித்தால் இந்த நோட்டில் ஏறாது. கண்ட்ரோல்-இஸட் அங்கே பலிக்காது. ஒவ்வொரு காட்சிக்கும் தனி நோட்டு என்பது 2023-ல் வந்த நாலாம் பதிப்பின் ஏற்பாடாம். வெளிச்சத்தைக் கூட்டும் குமிழை இழுக்கும்போது நூறு தடவை மாறினாலும், ஆரம்பத்தையும் முடிவையும் மட்டும் வைத்து ஒரே வரியாக எழுதிக் கொள்ளவும் வழி இருக்கிறது. பால் கணக்கை நான் எழுதுவதும் அப்படித்தான். வேளைக்கு வேளை எழுதினால் நோட்டு தாங்காது.

வடாம் மாவு அடிப்பிடித்து விட்டது. அதை எந்தப் பரணிலிருந்து எடுப்பது?

ராத்திரி பொத்தானைத் திருத்தி எழுதினாள். அறுபது விளக்கின் பழைய இடம், புது இடம் எல்லாம் சேர்ந்து ஒரே வரியாக ஏறும்படி. "நீயே அழுத்திப் பார், அம்மா" என்றாள். பயந்து கொண்டே அழுத்தினேன். அத்தனையும் இரண்டு வரிசையாகப் போய் நின்றன. கண்ட்ரோல்-இஸட் அமுக்கினேன். ஒரே தட்டில் அறுபதும் தத்தம் பழைய இடத்துக்குத் திரும்பின.

"எது நன்றாக இருக்கிறது?" என்று கேட்டாள்.

சற்றுக் கோணலாக நின்ற பழைய வரிசைதான் எனக்குத் தெருவாகத் தெரிந்தது. அப்படியே விட்டு விட்டாள்.