தேர்ச்சி விகிதம் உயர்ந்தால் கல்வி உயர்ந்துவிடுமா?

ஒவ்வோர் ஆண்டும் மே மாதம் பிறந்ததும் மைசூர் நகரத்துப் பள்ளிகளின் வாசலில் பலகைகள் முளைத்துவிடும். எஸ்.எஸ்.எல்.சி. தேர்வில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி, இத்தனை பேர் முதல் வகுப்பு என்று கொட்டை எழுத்தில் எழுதியிருப்பார்கள். அதைப் பார்த்துப் பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று முடிவு செய்யும் பெற்றோர் ஏராளம். இந்தச் சதவீதக் கணக்கை எந்த அளவுக்கு நம்பலாம்? கர்நாடகத்தில் கடந்த சில ஆண்டுகளில் நடந்ததைப் பார்த்தால் உண்மை விளங்கும்.

ஏறி இறங்கிய கணக்கு

2020-இல் மாநிலத் தேர்ச்சி விகிதம் 71.80. மறு ஆண்டு, பெருந்தொற்றுக் காலத்தில், சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் முறையில் இரண்டே நாளில் தேர்வு நடந்தது. ஏறக்குறைய எல்லோருமே தேறிவிட்டார்கள். 2022-இல் 85.63, 2023-இல் 83.89. 2024-இல் திடீரென்று 73.40 ஆகச் சரிந்தது.

ஓராண்டுக்குள் பிள்ளைகளின் அறிவு பத்துப் பங்கு குறைந்துவிட்டதா? இல்லை. அந்த ஆண்டுதான் தேர்வுக் கூடங்களில் காமிரா பொருத்தி, இருந்த இடத்திலிருந்தே அதிகாரிகள் கண்காணிக்கும் ஏற்பாடு வந்தது. பார்த்து எழுதுவதற்கும் சொல்லிக் கொடுப்பதற்கும் இடம் குறைந்தது. 2023-இல் 96.8 சதவீதத்துடன் முதலிடத்தில் நின்ற சித்ரதுர்கா மாவட்டம், 2024-இல் 72.85 சதவீதத்துடன் 21-ஆம் இடத்துக்கு இறங்கியது.

அந்த 73.40-ம் முழு உண்மையன்று. வீழ்ச்சியைக் கண்டு, கருணை மதிப்பெண் 10 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாக உயர்த்தப்பட்டது. இல்லாவிட்டால் தேர்ச்சி சுமார் 54 சதவீதத்தில் நின்றிருக்கும் என்று கல்வித் துறையே ஒப்புக்கொண்டது. மைசூர் மாவட்டத்துக்காரரான முதலமைச்சர் சித்தராமையா இந்தச் சலுகையைக் கண்டித்தார். 2025-இல் அது நீங்கியது. முதல் தடவை எழுதியவர்களின் தேர்ச்சி 66.14 ஆயிற்று.

மைசூரின் நிலை

2024-இல் மைசூர் மாவட்டம் 85.5 சதவீதத்துடன் ஏழாம் இடம் பெற்றது. முதலிடம் பெற்ற உடுப்பி 94, கடைசியில் நின்ற யாதகிரி 50.59. மகாராஜாக்கள் காலத்திலிருந்தே கல்விக்குப் பெயர் பெற்றது மைசூர். 1916-இல் பல்கலைக்கழகம் கண்டது. 1969 முதல் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் இயங்குவதும் இங்கேதான். அத்தகைய ஊருக்கு ஏழாம் இடம் தாழ்வல்ல, தலைநிமிர்ந்து பெருமைப்படவும் போதாது.

கவலைக்குரிய இன்னொரு கணக்கும் உண்டு. 2024-இல் மாநிலம் முழுவதும் மாணவியர் 81.11 சதவீதம் தேற, மாணவர்கள் 65.90 சதவீதமே தேறினார்கள். 15 பங்கு வேற்றுமை சாதாரணமானதன்று. பையன் எப்படியும் பிழைத்துக்கொள்வான் என்று அவன் படிப்பை அசட்டையாக விடும் வீடுகள் இதை யோசிக்க வேண்டும்.

தமிழ்ப் பிள்ளைகளும் மொழிப் பாடமும்

நம்மவர்களுக்கு இதில் தனிப்பட்ட அக்கறை உண்டு. 2024, 2025 தேர்வுகளில் மொத்த மதிப்பெண் 625. முதல் மொழிக்கு 125, இரண்டாம், மூன்றாம் மொழிகளுக்குத் தலா 100. ஆக 325 மதிப்பெண், அதாவது பாதிக்கு மேல், மொழிப் பாடங்களுக்கே போயிற்று. கணக்கிலும் விஞ்ஞானத்திலும் கெட்டிக்காரனான பிள்ளையும் மொழியில் கோட்டைவிட்டால் பின்தங்கிவிடுவான்.

1981-இல் கோகாக் குழு அறிக்கையும், 1982-இல் அதை ஒட்டி எழுந்த கிளர்ச்சியும் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். வழக்குகள் பல ஆண்டுகள் நடந்தன. ஆரம்பப் பள்ளியில் தாய்மொழி வழியை அரசு கட்டாயப்படுத்த முடியாது என்று 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் பயிற்று மொழி வேறு, பாடமாகப் படிக்கும் மொழி வேறு. கன்னடத்தை எல்லாப் பள்ளிகளும் முதல் அல்லது இரண்டாம் மொழியாகக் கற்பிக்க வேண்டும் என்பது 2015-ஆம் ஆண்டுச் சட்டம். எஸ்.எஸ்.எல்.சி.யில் தமிழை முதல் மொழியாக எழுதவும் வழி இருக்கிறது. அதைக் கற்பிக்கும் பள்ளியும் ஆசிரியரும் வேண்டுமே!

இந்த ஊரில் வாழும் பிள்ளைக்குக் கன்னடம் நன்றாக வருவது மதிப்பெண்ணுக்கு மட்டுமல்ல, பிழைப்புக்கும் உதவும். தமிழை வீட்டில் காப்பதற்கு அது தடையாகாது. கன்னடத்தைத் தேர்வு நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவதுதான் தீங்கு.

கேட்க வேண்டிய கேள்விகள்

2025 அக்டோபரில் மற்றொரு மாற்றம் அறிவிக்கப்பட்டது. தேர்ச்சிக்கு மொத்தத்தில் 35 சதவீதம் என்றிருந்தது 33 ஆயிற்று. 625-க்கு 206 எடுத்து, ஒவ்வொரு பாடத்திலும் 30 சதவீதம் இருந்தால் போதும் என்று அப்போது அறிவித்தார்கள். ஓராண்டில் மூன்று தேர்வு எழுதி, சிறந்த மதிப்பெண்ணை வைத்துக்கொள்ளும் வசதி 2024-இலேயே வந்துவிட்டது. தவறி விழுந்த பிள்ளைக்கு மறு வாய்ப்பு அளிப்பது நியாயமே. கோட்டையே கீழே இறக்கிவிட்டு எல்லோரும் தாண்டிவிட்டார்கள் என்று மகிழ்வது வேறு சங்கதி.

எனவே பலகையைப் பார்த்து மயங்காமல், பெற்றோர் பள்ளியில் மூன்று கேள்வி கேட்க வேண்டும். எட்டாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் அதே பள்ளியிலிருந்து பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினார்கள்? கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் சராசரி மதிப்பெண் என்ன? கன்னடத்தில் பின்தங்கிய பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு உண்டா? முதல் கேள்விக்குப் பதில் சொல்லத் தயங்கும் பள்ளியின் நூறு சதவீதத்தைச் சற்றுச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

காமிரா கண்டுபிடித்தது பிள்ளைகளின் குற்றத்தை மட்டுமன்று. பல ஆண்டுகளாக வகுப்பறையில் நடக்காமல் போன பாடத்தையும் அது காட்டிக்கொடுத்தது. அந்தப் பாடத்தை நடத்துவதுதான் இப்போது ஆக வேண்டிய காரியம்.