முதலில் வருபவன் உழைப்பாளி

2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறந்துவிடப்பட்டது. அடையாற்றங்கரை மக்கள் வெள்ளத்தில் சிக்கித் தவித்தார்கள். உடனே ஓடிவந்தது யார்? மீனவர்கள் படகுகளுடன் வந்தார்கள். வாலிபர்கள் கழுத்தளவு நீரில் இறங்கினார்கள். பள்ளிவாசல்கள் கதவைத் திறந்து சோறு போட்டன. தீயணைப்புப் படையும் ராணுவமும் பாடுபட்டதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் வந்துசேரும் வரை உயிர் காப்பது அண்டை வீட்டான் கைதான்.

அந்தக் கைக்கு அன்றைய கூலி போய்விடுகிறது. நமது பிள்ளையார்பாளையத்திலும் பெருமழை பெய்தால் தறிக்குழியில் தண்ணீர்; அடுப்பில் பூனை. அப்போதும் நெசவாளி பக்கத்து வீட்டுப் பாவு நனையாமல் காக்க ஓடுகிறான்.

இந்த நல்ல குணத்தைப் புகழ்ந்துவிட்டு சர்க்கார் கைகழுவ முடியாது. தொண்டர்களுக்குப் பயிற்சி, கயிறு, படகு கொடு! உழைத்த நாளுக்குக் கூலி கொடு! தறி நின்ற நாளுக்கு நிவாரணம் கொடு! மழை வருமுன்னே சங்கங்கள் ஒன்றுதிரண்டு இதைக் கேட்கட்டும்.