“இப்போ நல்லாத்தானே சார் இருக்கு?”

திருச்சியில் ஒரு கணினிக் கடையில் இந்தக் கேள்வியை என்னிடம் மூன்று முறை கேட்டார்கள். மூன்று முறையும் பதில் சொல்லத் தெரியாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி விராலிமலைக்குத் திரும்பினேன். நான்காம் முறை பதிலோடு போனேன். அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். சற்றுக் காரமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேரன் விடுமுறையில் வந்தபோது, பாகம் பாகமாக வாங்கி எனக்கொரு புது டெஸ்க்டாப் அசெம்பிள் செய்து கொடுத்துவிட்டு வேலைக்குத் திரும்பினான். பத்து நாள் கழித்துத் தகராறு ஆரம்பித்தது. காலையில் பட்டனை அழுத்தினால் உள்ளே மின்விசிறி சுழலும், விளக்கு எரியும், திரை மட்டும் இருட்டாகவே இருக்கும். அணைத்து அணைத்துப் போட்டால் இரண்டாவது, மூன்றாவது முறை எழுந்துகொள்ளும். அப்புறம் நாள் முழுக்க எத்தனை முறை ரீஸ்டார்ட் செய்தாலும் ஒரு குறையும் இல்லை. இதுவும் தினமும் கிடையாது. வாரத்தில் மூன்று நாள் வரும், நான்கு நாள் வராது.

இதற்கு ‘கோல்டு பூட்’ கோளாறு என்று பெயர். கடைப் பையனிடம் சொன்னபோது, “நம்ம ஊர்ல ஏது சார் குளிரு?” என்று சிரித்தான். இங்கே கோல்டு என்பது மார்கழிக் குளிர் அல்ல. மின்சாரம் முழுக்க நின்று, பாகங்கள் ஆறி, உள்ளே தங்கியிருந்த மின்னூட்டமும் வடிந்த பிறகு முதல்முறை எழுப்புவதுதான் கோல்டு பூட். அந்தக் காலத்து ஸ்கூட்டரை நினைத்துப் பாருங்கள். காலையில் முதல் உதைக்குச் சண்டித்தனம் செய்யும். ஒருமுறை ஓடிச் சூடாகிவிட்டால் மாலைவரை சொன்னபடி கேட்கும். அதை மத்தியானம் மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் என்ன சொல்வான்? அதேதான் எனக்கும் நடந்தது. கடைக்காரர் பகல் பன்னிரண்டு மணிக்கு மேஜைமேல் வைத்து அழுத்துவார். அது சமர்த்தாக எழுந்து நிற்கும். “இப்போ நல்லாத்தானே சார் இருக்கு?”

இரண்டாம் முறை போனபோது, “எதுக்கும் எஸ்.எம்.பி.எஸ். மாத்திடுவோம்” என்றார். பென்ஷன் பணத்தில் 2,500 ரூபாய் போயிற்று. மறுநாள் காலை திரை பழையபடி இருட்டு. மூன்றாம் முறை சொன்னதுதான் என்னைச் சுட்டது: “சார், பட்டனை நல்லா அழுத்துறீங்களா?” வயதானவன் சொல்கிறான் என்றால் பழுது இயந்திரத்தில் இல்லை, அவன் விரலில் இருக்கிறது!

இதைத்தான் நான் எதிர்க்கிறேன். வந்து வந்து போகும் பழுதும் பழுதுதான். உன் கண்முன் நடக்கவில்லை என்பதால் அது நடக்கவே இல்லை என்று ஆகிவிடாது. நெஞ்சு படபடக்கிறது என்று போனால், அந்த நிமிடத்து ஈ.சி.ஜி. சரியாக இருக்கிறது என்று நல்ல டாக்டர் வீட்டுக்கு அனுப்பிவிடுவதில்லை. ஹோல்டர் என்ற சிறு கருவியை உடம்பில் மாட்டி 24 மணி நேரம் பதிவு செய்யச் சொல்கிறார். நோய் தன் நேரத்துக்கு வரும், நாம்தான் காத்திருக்க வேண்டும் என்று மருத்துவம் எப்போதோ கற்றுக்கொண்டுவிட்டது.

“புதுசு சார், புதுசுல ஏது பழுது?” என்பது அடுத்த வாதம். 2011 ஜனவரி 31 அன்று இன்டெல் நிறுவனமே தன் புது சிப்செட் ஒன்றில் வடிவமைப்புக் குறை இருப்பதாக அறிவித்தது. புதிதில் ஒழுங்காக ஓடும், நாளாக ஆக ஹார்டு டிஸ்க் இணைப்புகள் சில தளரும் என்பதுதான் அந்தக் குறை. சரிசெய்ய எழுபது கோடி டாலர் ஆகும் என்று கணக்கிட்டார்கள். அத்தனை பெரிய கம்பெனிக்கே தப்பு வருமென்றால், மற்றவர்களுக்கு வராதா?

கடைக்காரர் பக்கமும் நியாயம் உண்டு. பத்துப் பேர் வரிசையில் நிற்கிறார்கள். வருகிற புகாரில் பாதி, பிளக்கைச் சரியாகச் செருகாததாகவே இருக்கும். புது வகை ரேம் போட்ட கணினி முதல் நாள் திரை காட்டச் சில நிமிடம் எடுத்துக்கொள்ளும். அது பழுதே அல்ல, பொறுமை போதும். எல்லாம் சரி. ஆனால் ஒரு ராத்திரி பெட்டியைக் கடையில் வைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, காலையில் ஷட்டரைத் திறந்ததும் ஒருமுறை அழுத்திப் பார்க்க என்ன செலவு? அதைச் செய்யாமல், ஊகத்தின் பேரில் என் காசில் பாகம் மாற்றுவது வைத்தியமா?

நிற்க. நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். ரெனே தெகார்த் 1637ல் வெளியிட்ட நூலில் சொன்ன நான்கு விதிகளை வாத்தியார் மனப்பாடம் செய்ய வைத்தார். சிக்கலைச் சிறு துண்டுகளாகப் பிரி என்பது ஒன்று. எதையும் விடாமல் கணக்கெடு என்பது இன்னொன்று. பின்னாளில் குமாஸ்தா வேலை பதிவேடு எழுதவும் பழக்கியது. இரண்டையும் சேர்த்தேன்.

ஒரு நோட்டில் கட்டம் போட்டேன். தேதி, நேரம், எத்தனை மணி நேரம் அணைந்திருந்தது, எத்தனையாவது அழுத்தில் எழுந்தது, மதர்போர்டில் எந்தச் சிறு விளக்கு நின்று எரிந்தது. 21 காலையில் 9 முறை எழவில்லை. ஒன்பது முறையும் நின்று எரிந்தது ரேமைக் குறிக்கும் விளக்கு. இரண்டு மணி நேரத்துக்குள் மறுபடி போட்டபோது ஒருமுறைகூடத் தகராறு இல்லை.

பிறகு பேரன் போனில் சொல்லச் சொல்ல, ரேமின் வேகத்தைக் கூட்டும் அமைப்பை நிறுத்தினேன். அப்போதும் எழவில்லை என்றால் குற்றம் அந்த அமைப்பில் இல்லை. இரண்டு ரேமில் ஒன்றைக் கழற்றிவிட்டு ஒன்றோடு மட்டும் பத்து நாள் ஓட்டினேன். பத்திலும் முதல் அழுத்தில் எழுந்தது. அதே துளையில் மற்றதைப் போட்டுப் பத்து நாள். நான்கு முறை எழவில்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால் குற்றவாளி தானே கையைத் தூக்குவான்.

நோட்டைக் கடைக்காரர் மேஜையில் வைத்தேன். புரட்டிப் பார்த்தார். முதல்முறையாக, “ராத்திரி வச்சுட்டுப் போங்க சார்” என்றார். மறுநாள் காலை பத்து மணிக்குப் போன்: “சார், எந்திரிக்கல சார்.” பழுது என்று கேட்டு நான் அவ்வளவு மகிழ்ந்தது அதுவே முதல்முறை. வாரண்டியில் புது ரேம் வந்தது. எஸ்.எம்.பி.எஸ். காசு மட்டும் வரவேயில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நானும் நாற்காலியில் இருந்தபோது, குடும்ப ஓய்வூதியம் மாசா மாசம் விட்டு விட்டு வருகிறது என்று வந்த ஓர் அம்மாவிடம், “இந்த மாசம் வந்திருக்கேம்மா, போயிட்டு வாங்க” என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். பழைய மாதங்களைப் புரட்டிப் பார்க்க எனக்குப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். பார்க்கவில்லை. கடைக்காரர் மேல் வந்த கோபத்தில் பாதி என்மேல் வந்தது என்பதுதான் உண்மை.

ஆகவே என் வயதுக்காரர்களே, யாராவது “இப்போ நல்லாத்தானே இருக்கு” என்றால் தலையாட்டிவிட்டு வராதீர்கள். தேதி போட்டு எழுதி வையுங்கள், பில்லைப் பத்திரப்படுத்துங்கள், செல்போனில் படம் எடுங்கள். அப்படியும் கேட்கவில்லை என்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, கடை எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய்வரை கட்டணமும் இல்லை. வாய்ச்சொல்லை மறுத்துப் பேசலாம். தேதி போட்ட நோட்டை அவ்வளவு சுலபமாக மறுக்க முடியாது.