உடைக்கு லட்சம், குடைக்குக் கஞ்சமா?

விங்சூட் என்றால் என்னவென்று நம் வயதுக்காரர்கள் பலருக்குத் தெரியாது. கைக்கும் இடுப்புக்கும் நடுவிலும், இரண்டு கால்களுக்கு நடுவிலும் துணி வைத்துத் தைத்த உடை. அதை மாட்டிக்கொண்டு விமானத்திலிருந்து குதித்தால் வௌவால் மாதிரி முன்னோக்கிப் பறந்துகொண்டே இறங்கலாம். பேரன் போனில் வீடியோவைக் காட்டுவான். நாம் "ஐயோ, வேண்டாம்டா" என்போம். அவன் சிரித்துவிட்டுப் போய்விடுவான்.

கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போகிறானா என்று கேலி பேசுவதில் பயனில்லை. ஓசூரிலும் பெங்களூரிலும் கைநிறையச் சம்பளம் வாங்கும் பிள்ளைகளை நாம் தடுக்க முடியாது. ஆனால் ஒரு கேள்வி கேட்கலாம். "என்ன பாராசூட் வைத்திருக்கிறாய்?"

பறக்க வைப்பதுதான் உடை. தரையில் உயிரோடு இறக்குவது பாராசூட். இந்தக் காலத்து விங்சூட்டுக்கு வழிகாட்டியவர் பிரான்சின் பாட்ரிக் தெ கயார்தோன். 1998 ஏப்ரலில் ஹவாயில் இறந்தார். அவரை ஏமாற்றியது உடை இல்லை. பாராசூட் பையில் அவரே செய்த ஒரு மாற்றம். ஆயிரக்கணக்கான முறை குதித்தவருக்கே அந்தக் கதி.

சாதாரணமாகக் குதிப்பவர் மணிக்குச் சுமார் 190 கிலோமீட்டர் வேகத்தில் விழுவார். விங்சூட்காரர் அதில் பாதி வேகத்தில்தான் இறங்குவார், ஆனால் முன்னோக்கி வேகமாகப் போவார். அவர் முதுகுக்குப் பின்னால் காற்று குழம்பிக் கிடக்கும். பெரிய பாராசூட்டை இழுத்து வெளியே கொண்டுவரும் குட்டிப் பாராசூட் அந்தக் குழப்பத்தில் சிக்கினால் விரியாது. அதனால்தான் குட்டிப் பாராசூட் கொஞ்சம் பெரிதாகவும், அதன் நாடா நீளமாகவும் இருக்க வேண்டும் என்கிறார்கள்.

பெரிய பாராசூட் ஏழு அறை கொண்டதாக, ஓரம் குறுகாததாக, சாதுவாக விரிவதாக இருக்க வேண்டும். காரணம் இருக்கிறது. விரியும்போது கயிறு முறுக்கிக்கொண்டால் சின்ன, வேகமான பாராசூட் பம்பரமாகச் சுற்றும். விங்சூட்காரரின் கையோ இறக்கைத் துணிக்குள் இருக்கும். ஜிப்பைத் திறந்த பிறகுதான் மேலே பட்டையை எட்டிப் பிடிக்க முடியும். அந்தச் சில நொடிகளைக் கொடுப்பது சாதுவான பாராசூட்தான்.

கணக்கும் சுலபம். உடை, பை எல்லாம் சேர்த்து 90 கிலோ என்றால் ஏறக்குறைய 200 பவுண்டு. 190 சதுர அடி பாராசூட்டில் சதுர அடிக்கு ஒரு பவுண்டுக்குச் சற்றே அதிகம். 120 சதுர அடியில் அதுவே 1.6 பவுண்டைத் தாண்டுகிறது. இளவட்டங்களுக்கு இரண்டாவதுதான் பிடிக்கிறது. பை சின்னது, வேகம் அதிகம், போட்டோவில் அழகு!

"நினைவு தப்பினாலும் தானாகத் திறக்கும் கருவி இருக்கிறதே" என்பார்கள். 1991இல் வந்த சைப்ரஸ் போன்ற கருவி பல உயிர்களைக் காத்தது உண்மை. ஆனால் அது சுமார் 750 அடி உயரத்தில், மணிக்கு ஏறக்குறைய 125 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் விழுந்தால்தான் வேலை செய்யும். விங்சூட் விரிந்த நிலையில் மெதுவாக இறங்குபவரை அது ஆபத்தில் இருப்பவராகவே கணக்கில் எடுக்காமல் போகலாம். அதை நம்பிக் கஞ்சத்தனம் செய்வது மடத்தனம்.

"என் உயிர், என் பணம், உங்களுக்கென்ன?" இது அடுத்த வாதம். சிப்காட்டில் முப்பது வருஷம் தரக்கட்டுப்பாட்டில் இருந்தவன் நான். கிரேன் கொக்கி எத்தனை டன் தாங்கும் என்று அதன்மேலேயே எழுதியிருக்கும். சோதனைச் சான்று காலாவதியானால் கொக்கியைத் தொடவிட மாட்டோம். இரும்புக்கு இருக்கும் மரியாதை பிள்ளைக்கு இல்லையா?

2014 மார்ச்சில் நம் பக்கத்துச் சேலத்தில், கமலாபுரம் விமான நிலையத்தில், பெங்களூரிலிருந்து வந்த ஓர் இளம்பெண் பாராசூட் விரியாமல் இறந்தார். அது விங்சூட் இல்லை, சாதாரணக் குதிப்புதான். அதற்கே அந்த நிலை.

2022இல் மத்திய அரசு வான் விளையாட்டுக் கொள்கை வெளியிட்டது. அதில் விங்சூட்டும் உண்டு. காகிதத்தில் எழுதியது களத்துக்கு வர வேண்டும். பெலகொண்டபள்ளியில் ஓடுதளம் இருக்கிறது. ஓசூருக்குப் பன்னாட்டு விமான நிலையம் என்று 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். நாளைக்கு யாராவது இங்கேயே கடை விரிக்கலாம். "எது நடந்தாலும் நாங்கள் பொறுப்பல்ல" என்ற தாளில் கையெழுத்து வாங்குவதை மட்டும் பாதுகாப்பு என்று நாம் ஏற்கக் கூடாது.

ஆகவே தாத்தா, பாட்டிகளே, பேரன் பணம் கேட்டால் இவற்றைக் கேளுங்கள். இதுவரை எத்தனை முறை குதித்தாய்? அமெரிக்கச் சங்கத்தின் விதிப்படி 200 முறை குதித்த பிறகுதான் விங்சூட்டையே தொடலாம். பாராசூட் எத்தனை சதுர அடி? மாற்றுப் பாராசூட்டைக் கடைசியாக மடித்துக் கட்டியது யார், அவரிடம் உரிமம் உண்டா, எந்தத் தேதியில்? அமெரிக்காவில் 180 நாளுக்கு ஒருமுறை அதைப் பிரித்துச் சோதித்து மறுபடி கட்ட வேண்டும்.

டக்கென்று பதில் சொல்பவன் விஷயம் தெரிந்தவன். ஆசி கூறி அனுப்புங்கள். முழிப்பவனுக்குப் பத்து பைசா கொடுக்காதீர்கள்.